சிராப்பள்ளிக் குன்றின் கதைகள்

நான் முதன்முதலாக மலைக்கோட்டை ஏறியது 1964ஆம் ஆண்டில். அப்போது எனக்கு ஒன்பது வயது. தனியாக ஏறவில்லை. பாலக்கரையில் எங்கள் அடுத்த வீட்டுப் பெரியம்மா முன்னால் நடக்க, அவர் மகன் ஒரு பக்கமும் நான் மறு பக்கமுமாக ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஏறினோம். தாயுமானவர் சந்நிதியின் வாசற்படியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவர்கள் உள்ளே போனார்கள். அந்தத் தார் எங்கள் கொல்லையில் வெட்டியது என்பதும், அதற்கு முந்தைய வாரம் என் தமக்கைக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் தெரியாது. நாள்தோறும் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொல்லாமல் உறங்கச் செல்லாத என் தாயார், "அப்பாவிடம் சொல்லாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தக் கதையைக் கேட்டறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. சைவ எல்லப்ப நாவலர் பாடிய செவ்வந்திப் புராணத்தில் அது விரிவாக உள்ளது. ஆனால் திருச்சியில் எவரும் புராணம் படித்து அதை அறிவதில்லை. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண் இக்குன்றின் அடிவாரத்தில் வாழ்ந்தாள். தாய்வீடு காவிரிப்பூம்பட்டினம். பேறுகாலம் நெருங்கியது. மகளுக்குத் துணையாக இருக்கத் தாய் மருந்தும் எண்ணெயும் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். காவிரியில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது. தாய் அக்கரையில் நின்றுவிட்டாள். இக்கரையில் மகளுக்கு நோவு கண்டது. அப்போது தாயின் உருவில் ஒருத்தி வந்தாள், பிள்ளையை ஏந்தினாள், வெந்நீர் வைத்தாள், வெள்ளம் வடியும் வரை கூடவே இருந்தாள். வெள்ளம் வடிந்ததும் உண்மையான தாய் வந்து கதவைத் தட்ட, உள்ளே இருந்தவள் மறைந்தாள். வந்தவர் குன்றின்மேல் உறையும் சிவபெருமான். அன்றுமுதல் செவ்வந்திநாதர் என்ற பெயரோடு தாயுமானவர் என்ற பெயரும் அவருக்கு உண்டாயிற்று என்பது கதை. இன்றும் ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இந்நிகழ்ச்சி நடித்துக் காட்டப்படுகிறது. சுகப்பிரசவம் ஆனவர்கள் வாழைத்தார் செலுத்துகிறார்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து, சென்ற கார்த்திகையில் ஒரு நாள், மீண்டும் அந்தப் படிகளில் ஏறினேன். இம்முறை கையில் தார் இல்லை. மூட்டுவலிக்கு ஒரு கைத்தடி இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட படிகள். குன்றின் உயரம் சுமார் 83 மீட்டர்தான் என்றாலும், சுற்றிலும் சமநிலமாகக் கிடக்கும் காவிரிக் கரையில் அது திடுமென எழுந்து நிற்பதால், பார்ப்பவருக்குப் பெருமலையாகத் தோன்றுகிறது. இத்தகைய இடத்தை மக்கள் மனம் சும்மா விட்டுவிடாது. ஒவ்வொரு காலத்தவரும், ஒவ்வொரு சமயத்தவரும் இதன்மேல் ஒரு கதையை ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். இராவணனின் சுற்றத்தானும் கரனின் தோழனுமான திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் இங்கே சிவனை வழிபட்டு வரம் பெற்றானாம். ஆகவே இது திரிசிரபுரம் ஆயிற்றாம். கோவிலில் இவ்வாறே சொல்கிறார்கள். ஆனால் ஏழாம் நூற்றாண்டிலேயே திருஞானசம்பந்தர் இத்தலத்தைச் சிராப்பள்ளி என்றுதான் பாடுகிறார். மூன்று தலை அதில் இல்லை. உச்சிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்புறம், பாறையின் விளிம்பை ஒட்டி, இயற்கையான குகை ஒன்றில் சமண முனிவர்கள் படுத்துறங்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றின் அருகே வெட்டப்பட்ட எழுத்துகளில் 'சிரா' என்றொரு பெயர் வாசிக்கப்படுகிறது. சிரா என்னும் துறவியின் பள்ளி சிராப்பள்ளி என்பது அறிஞர் சிலரின் கருத்து. பள்ளி என்னும் சொல் சமண, பௌத்தத் துறவிகளின் உறைவிடத்தைக் குறிப்பது என்பதை நினைத்தால் இவ்விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. ஊர் முழுவதும் அரக்கனின் பெயரை அறியும். துறவியின் பெயரை அறிந்தவர் சிலரே. உச்சிக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோரில் அந்தக் குகைப்பக்கம் திரும்புவோரும் அரிது. நான் சென்ற அன்று அங்கே ஒரு கிளிக்கூட்டம் மட்டுமே இருந்தது.

சமணர் இங்கிருந்து மறைந்த கதைக்கும் இக்குன்றிலேயே ஒரு கல் சாட்சி உண்டு. உச்சிக்கு ஏறும் வழியில் இடப்புறமாகக் குடையப்பட்ட குடைவரைக் கோவில் ஒன்று இருக்கிறது. பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்தது. லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். தூண்களில் வடமொழிக் கல்வெட்டுகள். 1890ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ச் அவற்றைத் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் பதிப்பித்தார். குணபரன் என்னும் அரசன் இலிங்க வழிபாட்டினால் மாற்று நெறியிலிருந்து திரும்பி வந்தான் என்ற பொருள்பட ஒரு சுலோகம் அமைந்துள்ளது. சமணனாக இருந்த மன்னன் அப்பரால் சைவனானான் என்று பெரியபுராணம் கூறும் வரலாற்றோடு இதனைப் பொருத்திக் காண்பது ஆய்வாளர் மரபு. சேக்கிழார் எழுதியது ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு. கல்லோ மன்னன் காலத்தது. ஆயினும் கல்லில் சமணம் என்ற சொல் இல்லை என்பதையும் வரலாறு கற்பவர் மறக்கலாகாது. சுலோகத்தில் சிலேடை உண்டு. சிலேடையிலிருந்து வரலாற்றைப் பிழிந்தெடுப்பதில் எப்போதும் ஓர் ஆபத்து இருக்கிறது.

என்னை நெடுநேரம் அங்கே நிறுத்தியது வேறொரு சுலோகத்தின் கருத்து. அதன் சாரம் இது: சிவன் ஆறுகளின்மேல் ஆசை கொண்டவன், கங்கையைத் தலையிலேயே வைத்திருக்கிறான். காவிரியைக் கண்டால் அவள்மேலும் மனம் வைத்துவிடுவானோ என்று அஞ்சி மலைமகள் தன் தந்தையின் குடும்பத்தை விட்டு இக்குன்றிலேயே நிலையாகத் தங்கிவிட்டாள். இந்த ஆறு பல்லவனின் மனைவி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருக்கிறாள். எதிரே சுவரில் கங்காதரர் சிற்பம், கங்கையைச் சடையில் ஏற்கும் கோலத்தில். வெளியே வந்து நின்றால் கண்ணெதிரே காவிரி. சோழ நாட்டைத் தன்வசப்படுத்திய மன்னன், அந்நாட்டின் ஆற்றைத் தன் மனைவி என்று தெய்வத்தின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறான்! அரசியல் இவ்வளவு நயமாகப் பேசியதை நான் வேறெங்கும் கண்டதில்லை. மன்னனின் கதையில் காவிரி மனைவி; பேறுகாலப் பெண்ணின் கதையில் அதே காவிரி வழிமறிக்கும் வெள்ளம். மன்னனின் கதை கல்லில் கிடக்கிறது. படிக்க அறிஞர் வேண்டும். பெண்ணின் கதைக்குக் கல்வெட்டு இல்லை, வாழைத்தார்தான் உண்டு. அதை ஊரே அறியும்.

தாயுமானவர் சந்நிதியில் மற்றொரு விந்தையும் உண்டு. இறைவன் மேற்கு நோக்கியிருக்கிறார்; கொடிமரமோ பின்புறத்தில். காரணம் கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். சாரமா முனிவர் இறைவனுக்கென்று செவ்வந்தி நந்தவனம் வளர்த்தார். வணிகன் ஒருவன் அம்மலர்களைத் திருடி உறையூர் மன்னனுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் மன்னன் செவிசாய்க்கவில்லை. இறைவன் சினந்து மேற்கே உறையூரை நோக்கித் திரும்ப, அங்கே மண்மாரி பொழிந்து நகரமே புதைந்தது. வீடிழந்த மக்கள் வெக்காளியம்மனிடம் ஓடினர். உங்கள் அனைவருக்கும் வீடு கிடைக்கும் வரை எனக்கும் கூரை வேண்டாம் என்றாளாம் அம்மன். இன்றும் உறையூரில் வெக்காளியம்மன் கருவறைக்கு விதானம் இல்லை. வெயிலிலும் மழையிலும் அவள் வானத்தின் கீழேதான் அமர்ந்திருக்கிறாள். மக்கள் தம் குறைகளைத் தாளில் எழுதி அங்குள்ள சூலத்தில் கட்டுகிறார்கள்.

உறையூர், செங்கடற் செலவு நூலின் கிரேக்க ஆசிரியர் அர்காரு என்று குறிப்பிட்டு அதன் மெல்லிய துணியைப் புகழ்ந்த நகரம். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழாய்வு செய்து சங்ககாலத்து வாழ்விடத்தின் தடயங்களைக் கண்டனர். பழைய தலைநகரம் மண்ணுக்குள் கிடப்பது மெய். அதை மூடியது காவிரி கொணர்ந்த மணலாக இருக்குமோ என்பது என் ஊகம், ஊகமாகவே இருக்கட்டும். ஆனால் ஏழையின் முறையீட்டைக் கேளாத அரசு அழியும் என்பதையும், அழிவில் குற்றமற்றவரும் சேர்ந்தே வீடிழப்பர் என்பதையும் ஒரே கதையில் வைத்த மக்களை நான் எளிதாக எடைபோட மாட்டேன். கூரையில்லாத அம்மனைக் காணும்போது, தலைசாய்க்க இடமில்லாத மானிட மகன் நினைவுக்கு வராத கிறிஸ்தவர் இருக்க முடியுமா?

உச்சிக்கு வந்தேன். பிள்ளையார் சந்நிதி சிறியது; காற்று பெரியது. இராமனிடமிருந்து அரங்கநாதர் திருவுருவைப் பெற்று இலங்கைக்குச் சென்ற விபீடணன் காவிரிக் கரையில் சந்தியாவந்தனத்துக்காகத் தங்கினான். தரையில் வைக்கலாகாத திருவுருவை மாடு மேய்க்கும் சிறுவன் ஒருவனிடம் கொடுத்தான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட்டான். விபீடணன் துரத்த, சிறுவன் இக்குன்றின் உச்சிக்கு ஓடினான். அங்கே விபீடணன் அவன் நெற்றியில் குட்டினான். சிறுவன் பிள்ளையார். நெற்றியில் குட்டிய தழும்பு இன்றும் உண்டு என்பர். பெயர்த்தெடுக்க முடியாமல் அழுத விபீடணனுக்காகவே அரங்கன் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறாராம். சைவக் குன்றையும் வைணவத் தீவையும் ஒரு சிறுவனின் குறும்பு முடிச்சுப் போட்டுவிட்டது. இரு சமயத்தாரும் வாதிட்டுப் போரிட்ட நூற்றாண்டுகளில் இக்கதை எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

இந்த உச்சிக்கு ஒரு துயர நினைவும் உண்டு. 1849ஆம் ஆண்டு விநாயகர் விழாவின்போது குறுகிய படிவழியில் ஏற்பட்ட நெரிசலில் சுமார் 250 பேர் மிதிபட்டு இறந்தனர். அதற்கு முன், கருநாடகப் போர்களின் காலத்தில் வெடிமருந்துக் கிடங்காக மாற்றப்பட்ட மண்டபம் ஒன்று 1772இல் வெடித்துச் சிதறியது. இவற்றைப் பற்றி மக்களிடம் கதை எதுவும் வழங்கக் காணோம். எந்தத் துன்பத்தை மக்கள் கதையாக்குகிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்காத புதிர்.

மேலே நின்று வடக்கே பார்த்தால் திருவரங்கத்தின் இராஜகோபுரம் தெரிகிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கி நின்றுபோய், 1987இல்தான் நிறைவெய்தி 236 அடி உயர்ந்த கோபுரம். அக்கோவிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் தில்லிப் படைகள் வந்தபோது பெருமாளின் திருவுருவம் தில்லிக்குச் சென்றதாகவும், சுல்தானின் மகள் அதன்மேல் காதல்கொண்டு பின்தொடர்ந்து வந்து இங்கே உயிர்நீத்ததாகவும் கதை. அவளுக்குச் சிலை இல்லை, ஓவியம்தான். அவள் பொருட்டுப் பெருமாளுக்கு ரொட்டி படைக்கப்படுகிறது. 1323இல் நேர்ந்த படையெடுப்பும் பேரழிவும் வரலாறு. உற்சவமூர்த்தி பல ஊர் அலைந்து 1371இல் திரும்பியதும் வரலாறு. சுல்தானின் மகளை எந்த வரலாற்று ஆவணமும் அறியாது. பகைவனின் வீட்டிலிருந்து ஒரு மருமகளைக் கொண்டுவந்து அமர்த்திய பிறகே ஊரின் மனம் ஆறியிருக்கிறது.

குன்றை ஒட்டிய நகருக்குள்ளேயே நத்தர் வலி தர்கா இருக்கிறது. அங்கே சொல்லப்படும் கதையைக் கேட்டபோது நான் வியந்து நின்றேன். மேற்றிசை நாட்டின் அரச வாழ்வைத் துறந்து, கலந்தர்கள் எனப்படும் துறவிகள் சூழ வந்த நத்தர் வலியார், இவ்வூரை வருத்திய மூன்று தலை அரக்கனை அடக்கி இங்கே தங்கினாராம். அதே திரிசிரன்! மலையில் பக்தன், தர்காவில் அடக்கப்பட்ட கொடியவன். ஓர் ஊருக்குப் புதிதாக வரும் சமயம் பழைய கதையைத் தூக்கி எறிவதில்லை. அதற்கு வேறு முடிவு எழுதிக்கொள்கிறது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி இவ்வூரையே நத்தர்நகர் என்று அழைத்தார். அவர் உடல் இந்தத் தர்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1751, 52ஆம் ஆண்டுகளில் அவரை இக்கோட்டைக்குள் முற்றுகையிட்ட சந்தா சாகிபுக்கும் இறுதி இடம் அங்கேதான்.

சந்தா சாகிபு என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவர் வீரமாமுனிவர். அவர் சந்தா சாகிபைக் காண்பதற்காக மூன்றே மாதங்களில் உருதுவும் பாரசீகமும் கற்றார், நவாப் அவரைத் திவான் ஆக்கினார் என்று நாம் பள்ளியில் படித்தோம். 1822இல் முத்துசாமிப் பிள்ளை எழுதிய முனிவரின் வரலாற்றில் இக்கதை இடம்பெற்றுள்ளது. பின்வந்த ஆய்வாளர் பலர் திவான் பதவியை ஐயுறுகின்றனர். நம் கதைகளும் கதைகளே என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை 1558 முதல் பலமுறை குருதி வியர்த்தது என்ற மரபு நமக்கு உண்டு. இலங்கையில் சிவனொளிபாத மலையின் ஒரே அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்றும், இந்துக்கள் சிவனுடையது என்றும், முஸ்லிம்கள் ஆதாமுடையது என்றும் சொல்ல, கிறிஸ்தவர் சிலர் புனித தோமையாருடையது என்கின்றனர்.

திருச்சபை இத்தகைய கதைகளைக் கண்டு அஞ்சியதில்லை, ஆராயவே செய்தது. பொல்லாந்தியர் எனப்படும் இயேசு சபை அறிஞர்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து புனிதர் வரலாறுகளைச் சலித்தெடுத்து வருகின்றனர். அவர்களுள் ஒருவரான இப்போலித் தெலஏ 1905இல் வெளியிட்ட நூலில், மக்களின் நினைவு எவ்வாறு ஒரு நிகழ்ச்சியைக் கதையாக வளர்க்கிறது என்று விளக்கினார். குழந்தையைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த புனித கிறிஸ்தோபரின் விழா 1969இல் பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அவரது பதக்கம் இன்றும் எத்தனையோ வண்டிகளில் தொங்குகிறது. ஆற்றின் முன் நிற்கும் மனிதனுக்கு ஒரு தோள் வேண்டியிருக்கிறது. நாள்காட்டி அதை அறியாது.

காவிரியும் கொள்ளிடமும் இன்னும் அடங்கிவிடவில்லை. 1924இன் பெருவெள்ளத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாகும்வரை பேசினார்கள். மேட்டூர் அணை 1934இல் எழுந்த பின்னும் 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் 1836ஆம் ஆண்டின் அணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அதே வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதியும் விழுந்தது. இரத்தினாவதியின் தாய் கரையில் நின்ற கதையைக் கற்பனை என்று தள்ளுபவர்கள் அந்த வாரம் திருச்சியில் இருந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது தெப்பக்குளத்தின் பக்கம் லூர்து அன்னை ஆலயத்தின் கூர்கோபுரம் மாலை வெயிலில் நின்றது. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் இங்கே இடம்பெயர்ந்த புனித வளனார் கல்லூரியின் இயேசு சபைத் தந்தையர் எழுப்பியது. 1858இல் பிரான்சு நாட்டு மலையடிவாரக் குகை ஒன்றில் பெர்னதெத் என்னும் ஏழைச் சிறுமி கண்ட காட்சியின் நினைவு அது. அங்கும் பாறை, அங்கும் ஆறு, அங்கும் ஒரு தாய். லூர்தில் ஆயர் ஆணையம் நான்கு ஆண்டுகள் விசாரித்தே 1862இல் ஏற்பு வழங்கியது. அந்த வேறுபாடு சிறிதன்று. விசுவாசத்தையும் நாட்டார் நம்பிக்கையையும் நான் ஒன்றாகக் குழைக்க விரும்பவில்லை. ஆயினும் ஆலயத்தினுள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த பெண்களில் பூவும் பொட்டுமாக இருந்த பலர் நம் சமயத்தவர் அல்லர். அவர்களை எவரும் வாசற்படியில் நிறுத்தவில்லை.

வாழைத்தார் செய்தி என் தந்தையாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முதல் கட்டளைக்கு எதிரான பாவம் என்று அவர் உரத்துச் சொன்னது என் காதில் இருக்கிறது. பிற சமயங்களில் உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கை 1965 அக்டோபர் 28இல்தான் வெளிவந்தது. அது எங்கள் வீட்டுக்குள் நுழைய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்த அறிக்கையும்கூட வாழைத்தாரை அனுமதித்திருக்காது என்றே நினைக்கிறேன். அன்று தாயார் மறுமொழி எதுவும் சொல்லவில்லை. தந்தையார் மறைந்த பிறகு, என் மனைவியின் பேறுகாலத்தில், ஒரு மழை நாளில், தாமாகவே சொன்னார்.

அவர் பிறந்த ஊர் கொள்ளிடத்தின் வடகரை. தலைப்பிள்ளை பேற்றுக்குத் தாய்வீடு செல்லுமுன் பாலக்கரையிலேயே நோவு கண்டுவிட்டது. பாட்டிக்கு ஆள் போயிற்று. கொள்ளிடத்தில் இரு கரையும் நிறைந்த வெள்ளம். பரிசல்காரர் எவரும் துறையில் இறங்கவில்லை. பாட்டி மருந்துப் பையோடு நான்கு நாள் கரையிலேயே உட்கார்ந்திருந்தாராம். ஐந்தாம் நாள் வந்து சேர்ந்தபோது தாயார் பிழைத்திருந்தார்; குழந்தை இல்லை. என் தமக்கைக்கு முன் ஒருவர் எங்கள் வீட்டில் பிறந்திருந்தார் என்பதை அன்றுதான் அறிந்தேன். "அந்த நாலு நாளும் மாதாவைத்தான் கூப்பிட்டேன். உன் அக்காவுக்கு அப்படி ஆகிவிடக்கூடாதே என்று, கரையில் நிற்கிற ஒரு தாயின் கவலை தெரிந்தவர் யாராக இருந்தாலும் சொல்லிவைப்போம் என்று தோன்றிற்று" என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.